கோல்ஃபில் சிப் அடிக்கும்போது ஒரு முறை மட்டை மண்ணில் குத்துகிறது, மறுமுறை பந்து கிரீனைத் தாண்டிப் பாய்கிறது: எப்படித் திருத்திக்கொள்வது?

மூன்று ஸ்ட்ரோக்கில், அதாவது மூன்று அடியில், குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீனை நெருங்கிவிடுவதாகவும், அங்கிருந்து சிப் எனும் சிறு அடியில் தொடங்கிப் பந்தைக் குழியில் போட மேலும் நான்கு ஸ்ட்ரோக் ஆகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் குத்தி நின்றுவிடுகிறது. மறுமுறை பந்து தாழ்வாகப் பறந்து கிரீனின் மறுபக்கத்துக்கே போய்விடுகிறது. இதே நிலையில் நானும் பல ஆண்டுகள் தவித்தவன் என்பதால், எனக்குப் பிடிபட்டதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஃபேட், தின் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்த இரண்டு பிழைகளும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. மட்டையின் தலை வில்போல் வளைந்து இறங்கி, ஓரிடத்தில் தரையைத் தொட்டு, மீண்டும் மேலேறுகிறது. அந்தத் தாழ்ந்த புள்ளி பந்துக்கு நேர் கீழேயோ, குழி இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளியோ அமைய வேண்டும். பந்தை எப்படியாவது மேலே கிளப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் உடல் பின்காலில், அதாவது குழிக்கு எதிர்ப்பக்கக் காலில், சாயும்போது, அந்தப் புள்ளியும் பந்துக்குப் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அப்போது மட்டை தரையில் இறங்கினால் ஃபேட். தரையைத் தப்பி மேலேறிக்கொண்டிருக்கும்போது பந்தின் நடுவில் பட்டால் தின். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான். பந்தைத் தூக்கும் வேலையை நாம் செய்யத் தேவையில்லை. மணலிலிருந்தும் பந்தை எழுப்ப உதவும் சாண்ட் வெட்ஜ் என்ற மட்டையின், பந்தில் படும் முகம் ஏற்கெனவே 54 முதல் 58 டிகிரி வரை சாய்த்தே செய்யப்பட்டிருக்கிறது.

இந்தப் பிழைக்குப் பலரும் சொல்லும் மருந்தை நான் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டேன். பந்தைப் பின்காலுக்கு நேராக வைத்து, கைகளை முன்னோக்கி அழுத்தி, மட்டையின் தண்டை நன்றாகச் சாய்த்து அடித்துவந்தேன். காய்ந்த தரையில் அது பலித்தது. மழைக்குப் பிந்தைய மென்மையான தரையில் ஒவ்வொரு முறையும் குத்தி நின்றது. ஒரு பயிற்சியாளர் என் வெட்ஜை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, அதன் அடிப்பகுதியைக் காட்டினார். முன்விளிம்பை ஒட்டி மட்டும் கீறல்களும் மண்கறையும் இருந்தன. பின்பகுதி புதிதாக வாங்கியதுபோல் பளபளத்தது. தரையில் உரச வேண்டிய பகுதி ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பின்பகுதி முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணத்தைத்தான் பௌன்ஸ் என்கிறோம். அது மட்டையை மண்ணுக்குள் இறங்கவிடாமல் புல்லின்மேல் வழுக்கிச் செல்லவைக்கிறது. 56 டிகிரி சாய்வும் 10 டிகிரி பௌன்ஸும் உள்ள வெட்ஜின் தண்டை 10 டிகிரி முன்னோக்கிச் சாய்த்துவிட்டால், மிஞ்சுவது 46 டிகிரி சாய்வும் பௌன்ஸே இல்லாத ஓர் அடிப்பகுதியும்தான். அது கத்திபோல் மண்ணைக் கிழிக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சராசன் வெட்ஜின் அடிப்பகுதியில் உலோகத்தைச் சேர்த்துத் தடிமனாக்கி, மணலில் புதையாமல் எழும்பும்படி செய்து, 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்றார். அப்படிக் கிடைத்த வசதியை, தண்டைச் சாய்த்தே நான் இழந்துகொண்டிருந்தேன்.

நிற்கும் முறையில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பாதங்களுக்கு இடையே ஒரு காலணி அகலம் போதும். பந்து நடுவில் இருக்கட்டும். கைகள் பந்தைவிட மிகச் சற்றே முன்னால் இருக்கட்டும். உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குழிப்பக்கக் காலில் இருக்க வேண்டும். அடித்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கைகளால் மட்டும் தட்டாமல், மார்பு குழியை நோக்கித் திரும்ப, கைகள் அதனோடு வர வேண்டும். தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின்னோக்கி எடுக்கும் அளவை மாற்றுங்கள். நிறைய எடுத்துவிட்டு, பந்தை நெருங்கும்போது பயந்து வேகத்தைக் குறைப்பதுபோல் சிப்பைக் கெடுப்பது வேறொன்றுமில்லை.

அடுத்து, எங்கே பார்ப்பது. குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். பந்து முதலில் விழ வேண்டிய இடம் ஒன்றைக் கிரீனின் விளிம்பிலிருந்து ஓர் எட்டு உள்ளே தேர்ந்தெடுத்து, அங்கே நிறம் மாறிய ஒரு புல்திட்டையோ பழைய பந்துத் தடத்தையோ குறித்துக்கொண்டு, அதன்மேல் போடுவதையே வேலையாகக் கொள்ளுங்கள். மீதித் தூரத்தைப் பந்து உருண்டு கடக்கும். எந்த மட்டை எவ்வளவு உருளும் என்பதற்கு, சமதளமான, நடுத்தர வேகமுள்ள கிரீனில் உதவும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பறக்கும் தூரத்தைப் போல் எத்தனை மடங்கு உருள வேண்டும் என்று பார்த்து, அந்த எண்ணை 12-இலிருந்து கழியுங்கள். கிடைப்பது அயர்ன் எனப்படும் மட்டையின் எண்; எண் கூடக் கூட முகத்தின் சாய்வும் கூடும். நான்கு மடங்கு என்றால் 8 அயர்ன். மூன்று மடங்கு என்றால் 9 அயர்ன். இரண்டு மடங்கு என்றால் 10-ஆம் எண்ணின் இடத்தில் இருக்கும் பிட்சிங் வெட்ஜ். மேட்டை நோக்கி என்றால் சாய்வு குறைந்த மட்டை, இறக்கம் என்றால் சாய்வு கூடியது. எல்லாவற்றுக்கும் சாண்ட் வெட்ஜையே உருவுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் பல ஸ்ட்ரோக்குகளை மிச்சப்படுத்தும்.

தூரம் அடிக்க முடியாதவர்களுக்கு இந்தக் கலை எவ்வளவு பெரிய துணை என்பதற்குப் அமெரிக்க ஆட்டக்காரர் பால் ரன்யனைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். குழிக்குக் குழி வெற்றி கணக்கிடப்பட்ட 1938-ஆம் ஆண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப் (அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டி) இறுதி ஆட்டத்தில், தன்னைவிட வெகுதூரம் அடிக்கக்கூடிய சாம் ஸ்னீடை, 7 குழிகள் மீதமிருக்கும்போதே 8 குழிகள் முன்னிலை பெற்று வென்றார். சிப் அடிக்கவும், கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான புட்டரைப் பிடிப்பதுபோலவே மட்டையைப் பிடித்து, மணிக்கட்டுகளை அடக்கி ஆடியவர் அவர். கிரீனுக்கு மிக அருகில், குட்டையான புல்லில் பந்து கிடக்கும்போது அந்த முறையை நீங்களும் முயன்று பாருங்கள்.

பயிற்சிக்கு முதலில் பந்தே வேண்டாம். புல்லில் ஒரு கோடு போட்டு, மட்டை கோட்டுக்குப் பின்னால் படாமல், கோட்டிலோ அதற்கு அப்பாலோ உரசும்வரை வீசிப் பாருங்கள். சரியாகப் பட்டால் துடைப்பம் புல்லைத் தடவியதுபோல ‘சர்’ என்ற மெல்லிய ஒலி கேட்கும். தவறினால் ‘தொப்’பென்று அடங்கிவிடும். எனக்குக் கண்ணைவிடக் காதுதான் நன்றாகக் கற்றுத்தந்தது. அது பழகியபின், பந்துக்கு ஒரு ஜாண் பின்னால் மடித்த துண்டை வைத்து, அதைத் தொடாமல் அடியுங்கள். பிறகு, ஒரே இடத்திலிருந்து ஐம்பது பந்துகளை அடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே பந்தைக் கிரீனைச் சுற்றி ஒன்பது வெவ்வேறு இடங்களில் போட்டு, ஒவ்வொரு முறையும் சிப் அடித்து, புட்டரால் குழியில் போட்டு முடித்து, மொத்த ஸ்ட்ரோக்குகளைக் குறித்துவையுங்கள். ஆட்டத்தில் ஒரு சிப்புக்கு ஒரே வாய்ப்புதான் என்பதால் பயிற்சியும் அப்படியே இருக்கட்டும். அந்த ஒன்பது இடங்களில் ஒன்றையாவது புல்லே இல்லாத வெற்றுத்தரையாகத் தேர்ந்தெடுங்கள். அங்கே பௌன்ஸ் அதிகமுள்ள வெட்ஜ் தரையில் பட்டு எகிறிப் பந்தின் நடுவில் மோதும். கிரீன்வரை வழி சமமாக இருந்தால் தயங்காமல் புட்டரை எடுங்கள், இல்லையென்றால் 8 அயர்னால் உருட்டிவிடுங்கள்.