பலிபீடம் இல்லாத காலத்தில் ஒரு கிறிஸ்தவரின் அன்றாடத் தியாகம் எது?

ஆடு மாடு பலியிடும் வழக்கம் நின்றுபோன பிறகு, வேதாகமம் சொல்லும் தியாகத்தை வீட்டிலும் வேலையிலும் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவத்துக்கான பலி இயேசுவின் சிலுவையோடு ஒரேதரம் முடிந்துவிட்டது என்று எபிரெயர் நிருபம் திட்டவட்டமாகச் சொல்கிறது. எனவே நாங்கள் செய்யும் எந்தத் தியாகமும் மன்னிப்புக்கான விலை அல்ல. ஏற்கெனவே பெற்றதற்கு நன்றி, அவ்வளவுதான். அதே நிருபத்தின் 13ஆம் அதிகாரம் இன்றும் செலுத்த வேண்டிய பலிகளைச் சொல்கிறது: உதடுகளின் ஸ்தோத்திரம், அதோடு “நன்மைசெய்யவும், தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள்” என்ற கட்டளை. இதை எந்த ஆலயத்திலும் கேட்கலாம். நாம் கொடுப்பது யாருடைய பங்கிலிருந்து போகிறது என்ற கேள்விதான் அபூர்வமாகக் கேட்கப்படுகிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

2 சாமுவேல் 24இல் தாவீது ராஜா பலிபீடம் கட்ட இடம் வாங்க வருகிறார். எபூசியனாகிய அர்வனா தன் போரடிக்கும் களத்தையும், பலிக்கு மாடுகளையும், விறகுக்கு நுகத்தடிகளையும்கூட இலவசமாகத் தர முன்வருகிறார். ராஜா மறுத்துவிடுகிறார். இலவசமாக வாங்கியதைக் கர்த்தருக்குச் செலுத்த மாட்டேன் என்று சொல்லி 50 சேக்கல் வெள்ளி கொடுக்கிறார். அர்வனாவின் மாடுகளை வைத்துத் தாவீது தாராளம் காட்டியிருந்தால் அந்தப் பலி அர்வனாவுடையதாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார். தென்மாவட்டச் சபைகளில் பலருக்கும் இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை தெரிந்திருக்கும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் பெண்கள் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்கே மிஷன் ஊழியத்தைத் தாங்குகிறது. இதில் எனக்குப் பிடித்தது, சமைத்துச் சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுக்காமல் சமைக்கும் முன்பே எடுப்பது. அம்மா அதைப் பிள்ளைகளின் தட்டிலிருந்து குறைக்கவும் இல்லை. தன் பங்கில்தான் குறைத்துக்கொண்டார்.

மாற்கு 7இல் இயேசு கோபப்படும் இடம் ஒன்று உண்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் செய்ய வேண்டிய உதவியை “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டு, பெற்றோரைக் கைவிடலாம் என்று சிலர் போதித்தார்கள். பார்வைக்கு அது பக்தி. இயேசுவோ, தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாடகர் குழுவிலிருந்து விலகினேன். கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு நானும் என் கணவரும் மாறி மாறித்தான் போனோம். “ஊழியத்தில் பின்வாங்கிவிட்டாயே” என்று சிலர் வருத்தப்பட்டார்கள். படுக்கைப்புண் வராமல் அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதும், இரவில் அவர் கூப்பிடும்போது முகம் சுளிக்காமல் எழுவதும் ஆராதனைதான் என்று அவர்களிடம் சொன்னேன். ரோமர் 12இல் பவுல் சரீரத்தை ஜீவபலியாக, அதாவது உயிரோடு வாழும் பலியாகக் கேட்கிறார். இடுப்பு வலிக்க வலிக்க ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது, பவுல் கேட்டதைத்தான் கொடுக்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கூலி விஷயமும் இப்படித்தான். வேலையாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு, வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுத்தால், அது அவருடைய பணத்தில் கொடுத்த தசமபாகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “சிலுவையைச் சுமந்துகொள், பொறுத்துப்போ” என்று அடிவாங்கும் மனைவிகளிடம் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். இதைத் தியாகம் என்று அழைப்பது வேதத்துக்கு இழைக்கும் அநியாயம். இயேசு தம் ஜீவனைக் குறித்து, “ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்” என்றார் (யோவான் 10:18). ஒருவரிடமிருந்து பிடுங்கப்படுவது பலி ஆகாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியேறிப் பாதுகாப்பான இடத்துக்குப் போனால் அவளுடைய விசுவாசம் குறைந்துவிடவில்லை. அவளுக்கு ஓர் அறையையும் சில மாதச் செலவையும் கொடுப்பதுதான் அந்தச் சபை செலுத்த வேண்டிய பலி.

கையில் பணமே இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று தனியாகவும் கேட்டிருந்தீர்கள். லேவியராகமம் 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவர் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம். லூக்கா 2இல் மரியாளும் யோசேப்பும் தேவாலயத்தில் செலுத்தியதும் ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களின் காணிக்கையான புறாக்கள்தான். ஆகவே கடன் வாங்கிக் காணிக்கைக் கவரை நிரப்ப வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை முதலில் கட்டுங்கள். அந்த மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் உட்கார்ந்திருக்க உங்களுக்கு நேரம் இருந்தால், அதைக் கொடுங்கள்.