எக்கோ எடுக்கும் முன்னே ஆபரேஷனுக்கு விலையா?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. காய்ச்சலுக்குக் காட்டியபோது, இதயத்தில் மர்மர் கேட்கிறது என்றார் டாக்டர். ஊரில் ஒருவர், "ஓட்டையாகத்தான் இருக்கும், கோவையில் சொல்லி ஆபரேஷனுக்கு மொத்தமாகப் பேசித் தருகிறேன்" என்கிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, காங்கேயம்

பதில்: முதலில் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவையுங்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் துண்டுக்குள் விரல் பிடிக்கிறார்கள். இவர் எக்கோகூட (ஒலியலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுக்காத குழந்தைக்கு விலை பேசுகிறார்.

மர்மர் என்பது ரத்தம் சற்றுச் சுழன்று ஓடும் ஓசை, நோயின் பெயரல்ல. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல இதயத்திலேயே இது அடிக்கடி கேட்கும். காய்ச்சலிலும் ரத்தசோகையிலும் ஓசை கூடும். ஆகவே காய்ச்சல் விட்டதும் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். இதயம் சுருங்கும்போது மெல்லக் கேட்டு, எழுந்து உட்கார்ந்தால் குறைகிற ஓசை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. விரியும்போது கேட்டாலோ, நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரிந்தாலோ விடக்கூடாது. ஆனால் சீட்டில் 'மர்மர்' என்று மட்டும் கிறுக்கி அனுப்புகிறார்கள். எந்த இடத்தில், எப்போது கேட்டது என்று எழுத யாருக்கும் கை வருவதில்லை.

எடை ஏறாமை, மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல், காய்ச்சலோடு மூட்டு வீக்கம் – இவை இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

ஓசையின் அளவை வைத்து ஓட்டையை அளக்காதீர்கள். கீழறைகளுக்கு இடையிலான சின்ன ஓட்டை பெரிதாக இரையும். அவற்றில் பல தானே மூடிக்கொள்ளும். மேலறைகளுக்கு இடையில் பெரிய ஓட்டையே இருந்தாலும் ஓசை மெல்லியதுதான். கல்யாணமாகிப் பிரசவத்துக்கு வரும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது. இந்த மேலறை ஓட்டையில் டாக்டர்களான எங்களுக்குத் துப்புக் கொடுப்பது மர்மர் அல்ல. இதயத்தின் 'லப்-டப்'பில் இரண்டாம் ஒலியான 'டப்' இரண்டாகப் பிளந்து கேட்பதும், மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்தப் பிளவு மாறாததும்தான். அவசரத்தில் இது காதுக்குத் தப்பும். ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதும் போதாது.

சந்தேகம் நீடித்தால் எக்கோ எடுங்கள், ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. குழந்தைகளுக்கு எடுத்துப் பழகியவரிடம் போங்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஆபரேஷன் தேவைப்பட்டாலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; அதற்குத் தரகர் வேண்டாம். ஒரு முத்திரைக்காக மேசை மேசையாக அலையவிடுவார்கள்தான். சலித்துப்போய் அந்த ஆளிடமே திரும்பிவிடாதீர்கள்.