அந்தரங்கம் கேளுங்கள்: முதல் கைப்பட்டை எதை வாங்குவது?

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. கையைக் கட்டி விளையாடிப் பார்க்கலாம் என்று நானும் கணவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஆன்லைனில் பார்த்தால் இரும்பு விலங்கு முதல் தோல் பட்டை வரை என்னென்னவோ இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், கையும் வலிக்கக் கூடாது. எதை வாங்குவது?
— வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் இரும்பு விலங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விலை குறைவு, படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், அதனால்தான் பலரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஒரு நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. இரும்பின் விளிம்பு அதன்மேல் அழுத்தினால் கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போகும், சிலருக்கு அது வாரக்கணக்கில் நீடிக்கும். போலீஸ் விலங்கு மாட்டப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கும் பாதிப்பு இது. மலிவான விலங்கில் இன்னொரு தொல்லை, கையை அசைத்தால் பல்சக்கரம் தானாக இன்னும் ஒரு படி இறுகிவிடும், சாவி எங்கே என்று அப்புறம் இருட்டில் தேட வேண்டும். மேலே பஞ்சு மாதிரி ரோமம் சுற்றியிருப்பதை நம்பாதீர்கள், இழுத்தால் ரோமம் அமுங்கிவிடும், உள்ளே இருப்பது அதே இரும்புதான்.

உங்களுக்கு ஏற்றது வெல்க்ரோ வைத்த நியோப்ரீன் பட்டை. லேப்டாப் உறை தைக்கும் அதே மெத்தென்ற துணி. அகலம் 5 சென்டிமீட்டராவது இருக்கட்டும், அகலம் கூடக்கூட அழுத்தம் பரவும். வந்ததும் உள்விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். தையல் நூலோ பிளாஸ்டிக் ஓரமோ விரலில் உராய்ந்தால் மணிக்கட்டை அது கட்டாயம் அறுக்கும், யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். வளையம் தைத்திருக்கும் இடத்தில் நான்கு பக்கமும் தையல் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையலும் இருந்தால் நல்ல வேலை. ஒற்றை வரித் தையல் என்றால் ஒரு மாதத்தில் கையோடு வந்துவிடும்.

தோல் வேண்டுமென்று ஆசை இருந்தால் நிஜத் தோலுக்குக் காசு சேர்த்து வாங்குங்கள். மலிவு ரெக்சின் நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் வெடித்து உரிந்து, உரிந்த இடம் சொரசொரவென்று கையைக் கிழிக்கும். பக்கிளைக் கழற்ற வெல்க்ரோவை விடக் கூடுதல் நேரமும் ஆகும். வெல்க்ரோ சர்ரென்று சத்தம் போடும், கொஞ்சம் பலமாக இழுத்தால் கட்டுண்டவரே கழற்றிக்கொள்ளவும் முடியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது குறையே இல்லை, அதுதான் அதன் பெரிய பலம் என்பேன்.

ஏழு, பத்துப் பொருள் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பாதிப் பொருளை நீங்கள் தொடவே மாட்டீர்கள், ஒவ்வொன்றின் தரமும் அந்த விலைக்குத் தகுந்ததுதான், கூடவே ஒரு கழுத்துப் பட்டையும் வாய் அடைப்பானும் இருக்கும். கழுத்தில் எதையும் கட்டவே வேண்டாம், பழகிய பிறகும் வேண்டாம். வாயை அடைப்பதும் இப்போதைக்கு வேண்டாம், பேச முடிகிறவரைதான் நிறுத்தச் சொல்ல முடியும். ஒரு ஜோடி பட்டை, தூங்கும்போது போடுகிற சாதாரணக் கண் மறைப்பு, ஒரு கத்தரி, இவ்வளவு போதும். கத்தரி என்றால் சர்ஜிகல் கடையில் மருத்துவக் கட்டு வெட்டுவதற்கென்று கொடுப்பார்களே, நுனி மழுங்கலாக இருக்கும், அது. தோலைக் குத்தாமல் துணிக்கு அடியில் நுழையும். நூறு, இருநூறு ரூபாய்தான். தலையணைக்குப் பக்கத்தில் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள், அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அதனால் பிரயோஜனமில்லை.

கட்டிலில் கம்பி இல்லையே என்று கவலை வேண்டாம். மெத்தைக்கு அடியில் போட்டு இரண்டு பக்கமும் வெளியே எடுக்கிற நீளப் பட்டை கிடைக்கிறது. பாயில் படுப்பவர்கள் இரண்டு கைப்பட்டையையும் ஒரு சின்னக் கொக்கியால் ஒன்றோடொன்று சேர்த்தாலே போதும், எதனோடும் பிணைக்கத் தேவையில்லை.

மாட்டியதும் பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். முதல் சில தடவை பத்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள். மரத்துப்போனாலோ, ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலோ, கை சில்லிட்டாலோ அந்த நொடியே கழற்றுங்கள், "இன்னும் ஒரே நிமிஷம்" என்பதெல்லாம் கூடாது. நிறுத்துவதற்கு "சிவப்பு" மாதிரி ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சாதாரண "வேண்டாம்" சொன்னாலும் நிறுத்தத்தான் வேண்டும். கட்டுண்டவரைத் தனியே விட்டுவிட்டு காலிங் பெல் அடிக்கிறதென்று எழுந்து போகக் கூடாது. குடித்திருந்தால் அன்றைக்கு இது வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கயிறுதான் பிடித்திருக்கிறது. மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிறு போதுமா? பட்டுத் துப்பட்டா பரவாயில்லையா? என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது.
— வாசகர், சென்னை

பதில்: இரண்டுமே வேண்டாம். நைலான் கொடிக்கயிறு வழுக்கும், வேகமாக இழுத்தால் தோலில் சூட்டுக் காயம் போட்டுவிடும். பட்டு அதற்கு நேர்மாறான ஏமாற்று, தொட்டால் மென்மை, ஆனால் இழுக்க இழுக்க முடிச்சு கல்லாகி நகம் போட்டாலும் அவிழாது. வீட்டில் இருப்பதை வைத்துத்தான் தொடங்க வேண்டுமென்றால் பருத்தித் துண்டை அகலமாக மடித்துக் கட்டுங்கள்.

கயிறென்றால் 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் மெத்தென்ற பருத்திக் கயிறு, 8 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ஒரு தடவை துவைத்துக் காயவைத்தால் பஞ்சாகிவிடும். ஜப்பானிய முறையில் கட்டுகிறவர்கள் சணல் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அது பக்குவப்படுத்திய சணல், ஹார்டுவேர் கடைச் சணல் குத்தும், எண்ணெய் நாற்றமும் வரும். ஒற்றைச் சுற்றாகக் கட்டாமல் மூன்று, நான்கு சுற்று பக்கம் பக்கமாகத் தட்டையாகப் போடுங்கள். முழங்கை மடிப்பு, அக்குள், மேல்கையின் வெளிப்பக்கம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மேல்கையில் ஒரு பெரிய நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது, அது நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் கை தொங்கிப்போகும். தொங்கவிடுவது போன்ற வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள், ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களுக்கே அதில் காயம் படுகிறது.

சர்க்கரை நோய் நாள்பட்டிருந்தால் கை கால்களில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அப்படியானால் இறுக்கம் அவருக்குத் தெரியாமலே போகும், தெரியாததை அவர் சொல்லவும் முடியாது. அதனால் உங்கள் விஷயத்தில் கயிறை விட்டுவிட்டு அகலப் பட்டைக்கு வந்துவிடுங்கள், நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இப்படித்தான், லேசான அழுத்தத்துக்கே கன்றிப்போகும்.

கேள்வி: இப்படி ஆசைப்படுவது மனநோயா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2019-ல் ஏற்கப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பு, இருவரும் மனமொத்துச் செய்கிற இந்த வகை விளையாட்டை நோயாகக் கணக்கில் வைக்கவில்லை. ஒருவர் பயத்தாலோ வற்புறுத்தலாலோ ஒத்துக்கொள்கிறார் என்றால் அது விளையாட்டே அல்ல, வன்முறை. அப்படி ஏதாவது உங்களுக்கு நடக்கிறதென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, தயங்காமல் பேசுங்கள்.

கேள்வி: கூட்டுக் குடும்பம். இதையெல்லாம் எப்படித் துவைப்பது, எங்கே காயவைப்பது?
— வாசகி, கோவை

பதில்: வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டுத் துவையுங்கள், இல்லாவிட்டால் தலைமுடியும் நூலும் சிக்கிப் பிடிப்பே போய்விடும். குளிக்கும்போது கொஞ்சம் ஷாம்பூ தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்தால் பாதி ஈரம் போய்விடும். மீதியை அறைக்குள் ஃபேன் காற்றில் விடுங்கள், நியோப்ரீனுக்கு வெயில் ஆகாது, மொட்டை மாடிக்குப் போகவே தேவையில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு துணிப்பையில் போட்டு உங்கள் உள்ளாடை அடுக்கில் வையுங்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.