சகுரா பார்க்க 78,000 யென் வேன் தேவையா?

கேள்வி: ஒசாகாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். யோஷினோ மலையில் சகுரா (செர்ரிப் பூ) பூத்திருப்பதை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்ட ஆசை. ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், ஆளுக்கு 50,000 யென்னுக்கு ஜே.ஆர். ரயில்களில் போக ஏழு நாள் பாஸ் எடுக்கச் சொல்கிறார். இங்கே ஒரு வேன்காரர் மூவருக்கும் சேர்த்து 78,000 யென் கேட்கிறார். தேதியை இப்போதே சொல்லிவிட வேண்டும், கட்டிய பணம் திரும்பாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால்தான் வேனை யோசிக்கிறேன். கிரெடிட் கார்டில் 'ரிபோ' (கடனை வட்டியோடு மாதாமாதம் கட்டும் முறை) போட்டு மாதம் 5,000 யென்னாகக் கட்டிவிடலாமா?

பதில்: முதலில் பாஸ். அது வேண்டவே வேண்டாம். சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குத்தான் ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் கிடைக்கும், வேலை விசாவில் இருக்கும் உங்களால் வாங்கவே முடியாது. அப்பா அம்மாவுக்கு வாங்கினாலும் பயனில்லை, ஏனென்றால் யோஷினோ வரை போவது கின்டெட்சு என்ற தனியார் ரயில். அதில் இந்தப் பாஸ் செல்லாது. 2023 அக்டோபரில் பாஸ் விலை 29,650 யென்னிலிருந்து ஒரே தாவாக 50,000 ஆனது. ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் போய்வந்தாலே ஆளுக்குச் சுமார் 29,000தான் ஆகும். ஏஜென்ட் பழைய கணக்கிலேயே இருக்கிறார் போல.

அடுத்தது ரிபோ. பெரும்பாலான கார்டுகளில் இதற்கு ஆண்டு வட்டி 15 சதவீதம். 78,000 யென்னில் மாதம் 5,000 அசல் கழித்துக்கொண்டு வந்தால் முடிய 16 மாதம் ஆகும், வட்டி மட்டும் சுமார் 8,100 யென். மூன்று பேர் ஒசாகாவிலிருந்து யோஷினோ போய்வரச் சாதாரண ரயில் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 6,780 யென். வட்டிக் காசிலேயே ரயிலில் போய்வந்துவிடலாம்.

எனக்கு வேனில் உறுத்துவது விலையைவிட அந்தத் தேதிதான். சகுரா நம் காலண்டரைப் பார்த்துப் பூப்பதில்லை. ஜப்பான் வானிலைத் துறையே பூக்கும் தேதியை முன்கூட்டிக் கணிப்பதை 2010இல் விட்டுவிட்டது. இப்போது தனியார் நிறுவனங்கள்தான் கணிக்கின்றன, வாரத்துக்கு வாரம் தேதி நகரும். நானும் ஒருமுறை தேதி குறித்துப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனேன். முந்தின இரவு மழை. குடைக்கடியில் நின்று, தரையில் ஒட்டிக் கிடந்த இதழ்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ரயில் என்றால் அந்தக் கவலை இல்லை. தென்னோஜி ஜே.ஆர். நிலையத்துக்கு எதிரே உள்ள அபேனோபாஷியிலிருந்து கின்டெட்சு லிமிடெட் எக்ஸ்பிரஸில் ஒன்றேகால் மணி நேரம். 2023 ஏப்ரலில் கட்டணம் உயர்ந்த பிறகு ஒரு வழிக்கு 1,130, எக்ஸ்பிரஸ் இருக்கைக்கு மேலே 520. மூவருக்கும் போகவர 9,900 யென். நாலைந்து நாளுக்கு முன்னால் பூ நிலவரம் பார்த்துவிட்டு இருக்கை போட்டால் போதும். இருக்கை இல்லையென்றால் சாதாரண ரயிலில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முடிந்தால் உங்கள் லீவையும் ஒரே நாளாகக் கேட்காமல், 'இந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள்' என்று மேலாளரிடம் சொல்லி வையுங்கள்.

யோஷினோவுக்கே ஒரு சௌகரியம் உண்டு. சுமார் 30,000 மரங்கள் அடிவாரத்தில் ஷிமோ, நடுவில் நாகா, அதற்கு மேல் காமி, உச்சியில் ஓகு என்று நான்கு அடுக்காக நிற்கின்றன. பூ கீழேயிருந்து மேலே ஏறும். அடிவாரத்தில் உதிரும்போது மேலே மொட்டவிழும். ஒசாகா பூங்காக்களில் பார்ப்பது போல மொட்டை மரத்தில் வெறும் பூ அல்ல, பெரும்பாலும் மலைச் சகுரா. பூவோடு செம்பழுப்புத் தளிரும் சேர்ந்தே வரும்.

அம்மாவின் முழங்காலுக்கு வேன்தான் தீர்வு என்றும் நினைக்க வேண்டாம். பூக்கால வார இறுதிகளில் மலைப்பாதையில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. நிலையத்திலிருந்து நாகா வரை அந்தச் சமயத்தில் பேருந்து ஓடும், அதில் ஏறுங்கள். வார நாளில் காலையிலேயே போனால் வரிசை குறையும். நாகாவில் இறங்கி, கடைத்தெரு வழியாகக் கின்புசென்ஜி கோயில் வரை மெதுவாகக் கீழ்நோக்கி நடக்கலாம். அங்கங்கே உட்கார டீக்கடைகள் இருக்கின்றன. இறக்கம் அவருக்கு ஏற்றத்தைவிட வலிக்குமென்றால் கோயிலுக்கு நடக்காமல் நாகாவிலேயே உட்கார்ந்துவிட்டு, வந்த பேருந்திலேயே திரும்புங்கள்.

கையில் 15,000 யென் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகளில் கார்டு ஓடாது. பேருந்து, டீ, அம்மா ஆசைப்பட்டு வாங்கும் ஏதாவது, எல்லாம் இதில் அடங்கும். ரயிலோடு சேர்த்து 25,000க்குள் முடிந்துவிடும். அவர்கள் சைவம் என்றால் சூப்பிலும் நூடுல்ஸிலும் மீன் சாறு இருக்கும், அதனால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். அந்த ஊரில் ஒரு கொடியின் வேர் மாவில் செய்யும் குசுமோச்சி என்ற இனிப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்புறம் ஒன்று. யோஷினோவில் இறங்கியதுமே மாலை எக்ஸ்பிரஸுக்கு இருக்கை வாங்கிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் மலை முழுக்க அந்தச் சின்ன நிலையத்தில்தான் வந்து நிற்கும்.