மாற்றுத்திறனாளிகள் மருத்துவத் துறையில் படிக்கலாமா? 'நியாயமான மாற்று ஏற்பாடு' என்றால் என்ன?

படிக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம்.

'நியாயமான மாற்று ஏற்பாடு' என்பது வேலையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் செய்யும் வழியை மட்டும் மாற்றித் தருவது. வலக்கைக்காரருக்கான பலகை நாற்காலியில் இடக்கைக்காரர் திண்டாடுவார் அல்லவா? பலகையை இடப்பக்கம் மாட்டினால் போதும், தேர்வு அதேதான். காது மந்தமானவருக்கு இதயத்துடிப்பைப் பெருக்கி, திரையில் அலையாகவும் காட்டும் மின்னணு ஸ்டெதஸ்கோப் அப்படிப்பட்டதே.

இப்படி மாற்றித் தரக் காரணம் எளிது: மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் உள்ள குறைபாட்டு விழுக்காடு, ஒருவரால் என்ன முடியும் என்பதைச் சொல்வதில்லை. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: விழுக்காட்டை மட்டும் பார்த்து எம்.பி.பி.எஸ். இடத்தை மறுக்கக்கூடாது, படிக்கும் திறனை மதிப்பிட வேண்டும்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தின் பெயரைவிட அன்றாட வேலையைப் பாருங்கள். நிற்பது சிரமமா? நோயியல் (திசு, இரத்த மாதிரிகளை ஆராய்வது), கதிரியக்கப் படங்களைப் படிப்பது, மனநல ஆலோசனை இவற்றில் பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை. அப்புறம், சேருமுன் கல்லூரியை நேரில் பாருங்கள். முகப்பில் பளபளவென்று சாய்தளம் இருக்கும், ஆய்வக மேசையோ நெஞ்சு உயரத்தில் இருக்கும்! வேண்டியதைச் சேரும்போதே எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் கேள்விகள் எளிதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.