தாள் ஏன் சுருங்குகிறது? பசை பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வாழ்த்து அட்டை, காகிதப் பெட்டி, காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்கிற குவில்லிங் என்று எதைச் செய்தாலும் பசையில்தான் மாட்டிக்கொள்கிறோம். அதனால் இந்தத் தடவை பசையை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இருந்தாலும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வெள்ளைப் பசை போட்டு வண்ணத்தாளை ஒட்டினால் அலை அலையாக எழும்பிவிடுகிறது. விலை கூடின பசை வாங்கினால் சரியாகுமா?

ஆகாது தம்பி. பசையை மாற்ற வேண்டாம், அளவை மாற்றுங்கள். வெள்ளைப் பசையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். தாள் என்பது நார்களின் பின்னல், நார் தண்ணீரைக் குடித்தால் தடிக்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தடிக்காது. ஈரம் அதிகம் பட்ட இடம் விரிய, படாத இடம் அப்படியே நிற்க, நடுவில் அலை வந்துவிடுகிறது. டியூப்பிலிருந்து நேராகப் பாம்பு மாதிரி பிழிந்து ஒட்டுகிறவர்களுக்கு எந்தப் பசை வாங்கினாலும் இதேதான் நடக்கும். ஒரு துளியை வைத்து, காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றால் வழித்து வழித்துப் பரப்புங்கள். பசைக்கு அடியில் தாளின் நிறம் தெரிய வேண்டும். ஒட்டி அழுத்தும்போது ஓரத்தில் பிதுங்கினால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேலே கனமான புத்தகங்கள் நாலைந்து, ராத்திரி முழுக்க. அரை மணிக்கு ஒரு தரம் தூக்கிப் பார்க்கக் கூடாது. நானும் பார்ப்பேன், அது வேறு கதை.

கேள்வி: புத்தகம் வைத்து அழுத்தியும் அட்டை வில் மாதிரி வளைந்துகொள்கிறது. மடிக்கிற இடத்தில் வெடிப்பு வேறு. மட்டமான அட்டையா?

அட்டையைத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டியிருந்தால், காயும்போது அந்தத் தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே மாதிரி ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். புத்தகம் கட்டுகிறவர்கள் உள்பக்கம் தாள் ஒட்டுவது அழகுக்கு மட்டும் இல்லை, இதற்கும்தான்.

இன்னொன்று நார் ஓடும் திசை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கில் படுத்திருக்கும். அட்டையை நீளவாக்கில் ஒரு தரம், அகலவாக்கில் ஒரு தரம், மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வளைவுக்கோட்டின் வாக்கில்தான் நார் ஓடுகிறது. மடிப்பு அதே வாக்கில் வந்தால் சுத்தமாக மடியும், குறுக்கே வந்தால் நார் ஒடிந்து வெடிக்கும். ஒட்டுகிற தாளின் வாக்கும் அட்டையின் வாக்கும் ஒன்றாக இருக்கட்டும், வளைவு பெருமளவு குறையும். இது தெரியாமல் ஒரு தரம் நாற்பது அட்டையைக் குறுக்கே வெட்டி நாற்பதும் மடிப்பில் வெடித்து, எல்லாவற்றையும் புத்தக அடையாள அட்டையாக்கிக் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், கோடு பள்ளமாகி மடிப்பு நேராக விழும்.

கேள்வி: வீட்டிலேயே மைதா பசை காய்ச்சினேன் மேடம். கட்டி கட்டியாக வந்தது, மூன்றாம் நாள் நாற்றம். எங்கே தப்பு?

ஒரு பங்கு மைதாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நேரே சுடுதண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருக்கும், உங்கள் கட்டி அதுதான். கரைத்ததில் மீதித் தண்ணீரை ஊற்றி, சின்னத் தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்து தண்ணீரை இழுத்து உப்ப ஆரம்பிக்கும். பால் மாதிரி இருந்தது கெட்டியாகி, பளபளவென்று கொஞ்சம் கண்ணாடித்தனம் வரும். அப்புறமும் இரண்டு மூன்று நிமிடம் கிளறி, துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். ஆறும்போது ஆடை படியாமலிருக்க, பிளாஸ்டிக் தாளைப் பசையின் மேலேயே படியும்படி மூடுங்கள்.

நாற்றத்துக்கு வழி கிடையாது, அது சமைத்த மாவு. ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள். பழைய பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், பூச்சியும் பூஞ்சையும் அண்டாது என்று. அது விஷம். குழந்தைகள் கை வைக்கிற இடத்தில் அந்த வேலையே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் மைதா பசை என்றால் விருந்துதான் என்பதால், செய்த பொருள் நன்றாகக் காய்ந்த பிறகே அலமாரியில் வையுங்கள்.

அப்புறம், இந்தப் பசையில் தண்ணீர் இன்னும் அதிகம். மெல்லிய தாள் அட்டைக்கு இதைப் போட்டுவிட்டு முதல் கேள்விக்குத் திரும்பி வராதீர்கள். காகிதக் கூழ், நாளிதழ் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் கிண்ணம், முகமூடி, பழைய பெட்டிக்கு மேல்தாள், இதற்கெல்லாம் இதைவிட மலிவானதும் நல்லதும் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: பென்சில் மாதிரி திருகுகிற க்ளூ ஸ்டிக் நல்லதா? ஒரு வாரத்தில் ஓரம் பிரிந்துகொள்கிறது.

மெல்லிய தாளுக்கு அதுதான் முதல் தேர்வு, ஈரம் குறைவு. ஓரம் பிரிவதற்குக் காரணம் ஓரத்தில் பசை இல்லாததுதான். ஒட்ட வேண்டிய தாள் துண்டைக் கழிவுத்தாளின் மேல் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தைத் தாண்டி வெளியே போகும்படி தேய்க்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும், அப்புறம் ஒட்டவில்லை என்று சொல்லக் கூடாது. ஹென்கெல் நிறுவனம் 1969இல் பிரிட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தபோது லிப்ஸ்டிக்கைப் பார்த்துத்தான் அந்த வடிவத்தைப் பிடித்தார்களாம்.

கேள்வி: முப்பரிமாண அட்டையில் பூவைத் தூக்கி ஒட்டுகிற ஃபோம் டேப் கட்டுப்படியாகவில்லை.

பார்சல் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுகிறீர்களா? அந்த நெளி அட்டையைச் சின்னச் சதுரமாக வெட்டி அடியில் ஒட்டுங்கள், உயரம் போதாவிட்டால் இரண்டாக அடுக்குங்கள். பூவின் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வைத்தால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

கேள்வி: குவில்லிங் சுருளில் பசை பட்டு மினுமினுவென்று தெரிகிறது.

பாட்டில் மூக்கைச் சுருளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். ஒரு மூடியில் சொட்டுப் பசை, தொட்டுவைக்க ஒரு பல்குத்தும் குச்சி. 3 மில்லிமீட்டர் பட்டைக்கு ஊசிமுனை அளவு போதும், நுனியில் மட்டும், ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள்.

கேள்வி: பிரிண்ட் எடுத்த படத்தின் மேல் பசையைத் தண்ணீர் விட்டுப் பூசினேன், நிறமெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. ட்ரேசிங் பேப்பர் ஒட்டினாலும் பசை தெரிகிறது. பழைய குடும்பப் படம் ஒன்றையும் ஒட்டலாமென்று இருக்கிறேன்.

மூன்றாவதை முதலில் நிறுத்துங்கள். அசல் படத்தில் பசையும் வேண்டாம், செல்லோடேப்பும் வேண்டாம். பழைய ஆல்பங்களில் டேப் மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கறை விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்தை நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். அசலேதான் வேண்டுமென்றால் நாலு மூலைக்கும் காகிதத்தில் முக்கோணப் பை மடித்து, பையை மட்டும் அட்டையில் ஒட்டிப் படத்தைச் செருகுங்கள்.

கரைந்தது இன்க்ஜெட் மையாக இருக்கும், சாயம் கலந்த அந்த மை ஈரத்தில் ஓடும். லேசர் பிரிண்டிலும் ஜெராக்ஸிலும் வருவது தாளில் உருகிப் பிடித்த பிளாஸ்டிக் பொடி, அதன் மேல் தாராளமாகப் பூசலாம். ட்ரேசிங் பேப்பரில் எந்த ஈரப் பசையும் தெரியத்தான் செய்யும். பூவோ ரிப்பனோ மறைக்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டு இருபக்க டேப், அல்லது ஊசிநூலால் நாலு தையல். எனக்குத் தையல்தான் பிடிக்கும்.

கேள்வி: சூட்டில் உருக்கி ஒட்டுகிற ஹாட் க்ளூ, உடனடி ஒட்டுப்பசை, இவற்றை எதற்குப் போடலாம்?

பட்டன், மரமணி மாதிரி கனமானவைக்கு ஹாட் க்ளூ. தாள்மேல் தாள் ஒட்டினால் மேடு தெரியும். உடனடிப் பசை தாளில் கறை விடும், பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும். பஞ்சால் துடைக்கப் போகாதீர்கள்.

கேள்வி: நானே செய்த உறையில், ஈரம் தொட்டு ஒட்டுகிற மாதிரி பசை பூச முடியுமா?

நல்ல கேள்வி. வெள்ளைப் பசை ஒரு தரம் காய்ந்தால் ஈரம் தொட்டு எழுப்ப முடியாது, வேலம்பிசினை எழுப்பலாம். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்கள். காய்ந்ததும் வெடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை சர்க்கரை. மடிப்பு ஓரத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். வேண்டும்போது ஈரப் பஞ்சால் தொட்டு அழுத்தினால் போதும். 1840இல் வந்த உலகின் முதல் தபால்தலை பென்னி பிளாக்கிலும் பின்பக்கம் பசை பூசித்தான் கொடுத்தார்கள், ஈரம் தொட்டு ஒட்டுகிற இதே முறைதான்.

கேள்வி: அக்கா, முதலில் கேட்டவன்தான். சொன்ன மாதிரி செய்தேன், அலை இல்லை. நடுவில் மட்டும் ஒரு குமிழ்.

காற்று மாட்டியிருக்கிறது, பிரித்து எடுக்காதீர்கள். மெல்லிய ஊசியால் குமிழின் ஓரத்தில் ஒரு குத்து, ஊசி நுனியில் தண்ணீர் கலந்த பசை துளி தொட்டு உள்ளே விட்டு, விரலால் ஓட்டையை நோக்கித் தள்ளுங்கள். பிதுங்கியதை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, திரும்பவும் புத்தகம். இன்னொரு ராத்திரி.