பி.எட். முடித்த தனியார் பள்ளி ஆசிரியர் அடுத்து எம்.எட். படிக்கலாமா, எம்.எஸ்சி. படிக்கலாமா?

சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுப்பதாகவும், பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கல்வியியலில் முதுகலைப் படிப்பான எம்.எட். முடித்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புக்குப் போய்விடலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

உண்மை இல்லை. மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுக்க, பாடத்தில் ஒரு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். உங்களுக்கு அது எம்.எஸ்சி. கணிதம். எம்.எட்.டில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் எம்.எஸ்சி. இல்லாத குறையை அது ஈடுகட்டாது. நான் சென்னையில் ஒரு கல்வியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு அட்மிஷன் சமயத்திலும் இதே எண்ணத்தோடு யாராவது வருகிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் படித்த பிறகு இந்த விஷயம் தெரியவந்தால் எவ்வளவு மனசு விட்டுப்போகும்? அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.எஸ்சி.யை வேலையை விடாமலே தொலைநிலையில் படிக்கலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் இருக்கிறது, சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். கணிதம் என்று மட்டும் இருந்தால் கவலையில்லை. கூடவே வேறு ஒரு துறையின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தால், அரசு வேலைக்கு அது கணிதத்துக்கு இணையாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் போய் இதற்காக அரசாணை தேடி அலைவது பெரிய வேதனை. மதிப்பெண் 50 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. கையில் வந்ததும் டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அதற்கு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு தேவையில்லை. 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து வரும், 30 கல்வி முறையியல், 10 பொது அறிவு. இப்போது தமிழ்த் தகுதித் தாளிலும் தேற வேண்டும். ஆறு முதல் பத்து வரைக்கான பட்டதாரி ஆசிரியர் பணிதான் வேண்டும் என்றால், எம்.எஸ்சி. இல்லாமலே டெட் இரண்டாம் தாளை இப்போதே எழுதலாம். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், அதனால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம் எம்.எட். எதற்கு? ஆசிரியர்களை உருவாக்குகிறவர்களுக்கான படிப்பு அது. கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர், பாடத்திட்ட வேலை, கல்வி ஆராய்ச்சி, இந்தப் பக்கம் போக விரும்பினால் எம்.எட். வேண்டும். அங்கேயும் கணிதம் கற்பிக்கும் முறையை எடுக்கிறவருக்கு எம்.எஸ்சி.யும் சேர்த்துக் கேட்பார்கள், கூடவே நெட் அல்லது செட் (தேசிய, மாநில அளவில் உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகள்), இல்லையென்றால் பிஎச்.டி. ஆக எந்த வழியில் போனாலும் உங்களுக்கு எம்.எஸ்சி. முதலில் வருகிறது. முன்பெல்லாம் அரசுப் பள்ளியில் எம்.எட். முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும். 2020 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள், அந்தக் கணக்கில் இப்போது யாரும் சேர வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னாலும் எம்.எட். எனக்கு ரொம்பப் பிடித்த படிப்பு. அதில் டிசர்ட்டேஷன், அதாவது ஆய்வேடு, கட்டாயம். நான் எடுத்த தலைப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கூட்டலில் செய்யும் பிழைகள். வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பையன் ஐந்தில் மூன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஒன்பதில் நான்கு என்று எழுதியிருந்தான். வழக்கமாகச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம். ஆராய்ச்சிக்காக என்பதால் உட்கார வைத்து, "எப்படிப்பா போட்டே?" என்று கேட்டேன். "அஞ்சுக்கு மூணு மார்க், நாலுக்கு ஒரு மார்க், மொத்தம் ஒன்பதுக்கு நாலு மார்க் தானே மிஸ்?" என்றான். பரீட்சைத் தாளில் நாங்கள் மார்க் கூட்டுவது அப்படித்தான்! அவன் யோசிக்காமல் எழுதவில்லை, வேறொரு இடத்தில் சரியாக இருக்கும் முறையை இங்கே கொண்டுவந்திருக்கிறான். ஒரு சப்பாத்தியை வரைந்து, இரண்டு துண்டுகளும் அதே முழுசிலிருந்து வெட்டியவை என்று காட்டிய பிறகு அவனே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். பிள்ளையின் பிழைக்குள் இருக்கும் யோசனையைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த வருஷத்தில்தான் வந்தது. இன்றைக்கு பி.எட். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் பாதி அதுதான்.

எம்.எட்.டை அஞ்சல் வழியில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் வந்தபிறகு, 2015 முதல் பி.எட்.டும் எம்.எட்.டும் இரண்டு வருஷம். எம்.எட்.டுக்கு வருஷத்துக்கு 200 வேலை நாள், வகுப்புகளில் 80 சதவீத வருகை, களப் பணியில் 90 சதவீதம். பள்ளி வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியாது. தொலைநிலையில் கிடைக்கும் எம்.ஏ. கல்வியியல் வேறு படிப்பு, படித்தால் அறிவு வளரும், ஆனால் வகுப்பறை வேலைக்கு அது பி.எட்.டுக்குப் பதில் ஆகாது. தொலைநிலை பி.எட். இக்னோவிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து உருவாக்கியது. வெறும் டிகிரியோடு இருப்பவர்கள் அதில் சேர முடியாது, அவர்கள் நேரடி பி.எட்.தான் படிக்க வேண்டும்.

"வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. எனக்கு இதில் கோபமே வரும். பி.எட்.டில் 16 வாரம் தொடர்ந்து பள்ளியில் நிற்க வேண்டிய பயிற்சியைத் தாளில் மட்டும் முடித்துவிட்டு வருகிறவர், முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் தடுமாறும்போது நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்கும்தான்.

எம்.எஸ்சி. முடித்தபிறகும் எம்.எட். ஆசை இருந்தால், முதலில் சைதாப்பேட்டையில் 1856இல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரியையும், கடற்கரை ஓரத்தில் 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் கல்லூரியையும் பாருங்கள். இரண்டும் இப்போது அரசு நடத்தும் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனங்கள். தனியார் கல்லூரி என்றால் காரப்பாக்கத்தில் இருக்கும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நேரில் போகும்போது நூலகத்தில் சென்ற ஆண்டின் டிசர்ட்டேஷன்கள் இரண்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். வழிகாட்டி அக்கறையோடு பார்த்தாரா, பழைய ஒன்றைப் பெயர் மாற்றி எழுதினார்களா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.